எண்ணெய்க்கு அடியில் பிடித்த துரு: ஒரு .303 ரைபிளும் அதன் துப்புரவுப் பெட்டியும்

இலக்குச் சுடுதலுக்கு மட்டுமே பயன்பட்டுவந்த, .303 அங்குல அளவுள்ள பழைய பிரிட்டிஷ் படைத் துப்பாக்கியான லீ-என்ஃபீல்டு நான்காம் எண் ரைபிள் ஒன்று பரிசோதனைக்காகப் பணிமனைக்கு வந்தது. உரிமையாளரின் புகார்கள் இரண்டு. முன்பெல்லாம் நெருக்கமாக விழுந்த குண்டுகள் இப்போது இலக்கில் பரவலாகச் சிதறுகின்றன என்பது ஒன்று. சுட்ட அன்று மாலையே குழலைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தாலும், அடுத்த வாரம் வெள்ளைத் துணியை உள்ளே செலுத்தினால் அது செம்பழுப்பாகவே வெளிவருகிறது என்பது மற்றொன்று. "சார், இதற்குமேல் ஒருவன் எப்படித்தான் சுத்தம் செய்வது?" என்று கேட்டுவிட்டு, தம் துப்புரவுப் பெட்டியைத் திறந்து மேசைமேல் பரப்பினார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் பெட்டியில் குறை என்று சொல்ல எதுவுமில்லை. செம்புக் கறையை நீக்கும் அமோனியா கலந்த கரைப்பான், கெட்டியான துப்பாக்கி எண்ணெய், கார்களுக்குப் பயன்படும் பிரேக் கிளீனர், மூன்று துண்டுகளாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கோல், பித்தளை ஜாக் (கோலின் நுனியில் துணியைத் தாங்கும் முனை), வெண்கல பிரஷ்கள், துருப்பிடிக்காத எஃகு பிரஷ் ஒன்று, சதுரமாக வெட்டிய பருத்தித் துணிகள் என எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அமோனியாக் கரைப்பானை ஊற்றி வெகுநேரம் ஊறவிட்டு, செம்பைக் காட்டும் நீலம் துணியில் வருவது நிற்கும்வரை தேய்ப்பதாகவும், ஆனால் நீலம் ஒருபோதும் முழுமையாக நிற்பதில்லை என்றும் அவர் சொன்னார். எந்தத் தோட்டாக்களைச் சுடுகிறார் என்று கேட்டபோது, கடையில் வாங்கும் புதியவற்றோடு, அடிப்புறத்தில் 1940-களின் ஆண்டு பொறித்த பழைய படைத் தோட்டாக்களையும் கலந்து சுடுவதாகவும், இரண்டுக்கும் துப்புரவு ஒன்றுதான் என்றும் தெரிவித்தார்.

உள்ளே கண்டவை

துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தபின், குழலின் பின்புறத்தை மூடும் நகரும் பகுதியான போல்ட்டைக் கழற்றி, எதையும் துடைக்காமல் முதலில் போர்ஸ்கோப் என்னும் குழல் உட்பார்வைக் கருவியைச் செலுத்திப் பார்த்தோம். துடைத்துவிட்டுப் பார்ப்பது இயல்பான ஆசைதான் என்றாலும், அழுக்கு எந்த வரிசையில் படிந்திருக்கிறது என்பதே இங்கு முதன்மையான சான்று.

தோட்டா அறைக்குச் சற்று முன்னால், குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளான புரிகள் தொடங்கும் இடத்தில், மெருகேறிய தார் போன்ற கடினமான கரிப்படிவு தெரிந்தது. அதன்மேல் செம்புக் கீற்றுகள், அவற்றின்மேல் மறுபடி கரி. குழலின் முழு நீளத்திலும், புரிகளின் மேட்டிலும் பள்ளத்திலும் ஒரேபோல, நுண்ணிய குழிகள் விழுந்திருந்தன. எண்ணெய்ப் படலம் பளபளவென்று அப்படியே இருக்க, அந்தப் படலத்திற்கு அடியில் குழிகளுக்குள் பழுப்புத் துரு இருந்தது. போல்ட்டின் முகப்பில், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் அடிமுள் வெளிவரும் துளையைச் சுற்றி, அதே வகைக் குழிகள் வளையமாகக் காணப்பட்டன. குழல்வாயில் புரிகளின் முடிவு கீழ்ப்புறத்தில் மட்டும் மழுங்கித் தேய்ந்திருந்தது. தோளில் அணைக்கும் பின்கட்டையில் மரம் எஃகைச் சந்திக்கும் இடம் எண்ணெய் குடித்துக் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பதியும் அளவுக்கு இளகியிருந்தது. குழல்வாயை மேலே நிறுத்தி ஊறவிடுபவர்களின் துப்பாக்கிகளில் இதை வழக்கமாகவே காணலாம்.

முதல் சந்தேகம் அமோனியாவின்மீதுதான் விழுந்தது. அமோனியா எஃகை அரித்துவிடும் என்ற அச்சம் சுடுபவர்களிடையே பரவலாக உண்டு. ஆனால் அது காரத்தன்மை கொண்டது. குறிப்பிட்ட நேரத்திற்குள் துடைத்தெடுத்தால் சாதாரணக் குழல் எஃகுக்கு அதனால் தீங்கில்லை. வெகுநேரம் விட்டுவைத்தால் அமோனியா ஆவியாகிப் போய் நீர் மட்டும் மிஞ்சும், அது துருவுக்கு இடம்தரும் என்பது உண்மை. ஆனாலும் அந்த விளக்கம் இங்கே பொருந்தவில்லை, ஏனென்றால் போல்ட் முகப்பில் அமோனியாக் கரைப்பான் ஒருபோதும் பட்டதில்லை. அதைத் தொடும் பொருள்கள் தோட்டாவின் அடியும், வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரிலிருந்து கசியும் வாயுவும்தான்.

தகடுச் சோதனை

ஐயத்தைத் தீர்க்க, மெருகிட்ட மென்எஃகுத் தகடுகள் சிலவற்றை அசிட்டோனால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினோம். குண்டும் வெடிமருந்தும் அகற்றப்பட்டு பிரைமர் மட்டும் எஞ்சிய பழைய படைத் தோட்டாக் கூடுகளை, கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, குழல்வாய்க்கு எதிரே வைத்த தகடுகளின்மீது வெடித்தோம். ஒரு தகட்டை அப்படியே விட்டோம். இன்னொன்றை அவருடைய கரைப்பானுக்குப் பதிலாக நீரற்ற பெட்ரோலியக் கரைப்பானால் துடைத்து அவருடைய எண்ணெயையே பூசினோம். மூன்றாவதை வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, பின்பு அதே எண்ணெயைப் பூசினோம். ஒப்பிடுவதற்காக, புதிய தோட்டாவின் பிரைமர் பட்ட தகடு ஒன்றும் எதுவும் படாத தகடு ஒன்றும் சேர்க்கப்பட்டன. எல்லாவற்றையும் ஈரத்துணி வைத்த மூடிய பெட்டிக்குள் விட்டோம்.

மறுநாளே முதல் தகடு பழுப்பாகிவிட்டது, எதிர்பார்த்ததுதான். கவனிக்கத்தக்கது இரண்டாவது தகடு. எண்ணெய் கலையாமல் மின்ன, அதற்குள் ஊசிமுனை அளவில் புள்ளிகள் தோன்றி, பின்பு ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு வட்டம் விரிந்தது. வெந்நீரில் கழுவிய தகடு, எதுவும் படாத தகட்டிலிருந்து வேறுபடவில்லை. புதிய பிரைமர் பட்டதும் அப்படியே.

இதன் வேதியியல் சிக்கலானதன்று. பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடிக்கும்போது ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. சமையலறை உப்பின் நெருங்கிய உறவு அது. குழல் முழுவதும் இது நுண்படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைத் தாண்டும்போது இந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிறது. அதற்குக் குறைவான ஈரப்பதத்திலும், அழுக்கோடு கலந்திருக்கையில் ஓரளவு ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. 20 பாகை செல்சியஸில் 100 மில்லி நீரில் சுமார் 34 கிராம் கரையும் இந்தப் பொருள், எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ பெட்ரோலியக் கரைப்பான்களிலோ கரையவே கரையாது. ஆகவே எண்ணெய் அதன்மேல் போர்வையாகக் கிடக்கிறதே தவிர அதை அகற்றுவதில்லை. நீராவி மெல்ல மெல்ல எண்ணெய்ப் படலத்தின் ஊடாக உள்ளே சென்றுவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. கரும்பொடி வெடிமருந்துக் காலத்தில் துப்பாக்கியை நீர்விட்டுக் கழுவுவது எல்லாருக்கும் பழக்கம். புகையற்ற வெடிமருந்து வந்து, குழல் பார்வைக்குச் சுத்தமாகத் தெரியத் தொடங்கியதும், எண்ணெய்த் துணியே போதும் என்று பலர் நம்பினர். துரு வந்தபோது வெடிமருந்தின் அமிலம் எஃகுக்குள் ஊறி மெல்ல 'வியர்க்கிறது' என்று விளக்கினர். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப், எண்ணெய்ப் படலத்தின் அடியில் நிகழும் அரிப்பை ஆராய்ந்து, குற்றவாளி பிரைமரின் பொட்டாசியம் குளோரைடே என்று காட்டினார். பிரிட்டிஷ் படையினர் இதே .303 ரைபிளின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி வந்ததன் பொருளும் இதுதான்: நீர் உப்பைக் கரைக்கிறது, சூடு மிச்ச நீரை விரைவில் ஆவியாக்குகிறது. 1927-இல் ரெமிங்டன் நிறுவனம் துருவேற்றாத 'கிளீன்போர்' பிரைமரை விற்பனைக்குக் கொண்டுவந்தது என்றாலும், நெடுங்காலச் சேமிப்பில் கெடாது என்ற காரணத்தால் பல நாட்டுப் படைகள் குளோரேட் பிரைமரை அதற்குப் பின்னும் வெகுகாலம் கைவிடவில்லை.

கண்ணாடி துடைக்கும் அமோனியா திரவத்தைத் தெளித்தால் உப்பு 'முறிந்துவிடும்' என்று சொல்பவர்கள் உண்டு. பொட்டாசியம் குளோரைடு அமிலமன்று. அமோனியா அதில் முறிப்பதற்கு ஏதுமில்லை. அந்தத் திரவம் பயன் தருகிறதென்றால் அதிலுள்ள நீரால்தான் தருகிறது. அந்த வேலையை வெறும் வெந்நீர் இன்னும் நன்றாகவே செய்யும். உரிமையாளரின் அமோனியாக் கரைப்பானிலும் நீர் உண்டே என்ற கேள்வி எழலாம். ஒரு துணியில் ஏறும் சில சொட்டுகள் உப்பை ஓரளவு கரைத்தாலும், வெளியே அடித்துச் செல்லும் அளவு நீர் அதில் இல்லை. கரைந்தது அங்கேயே காய்ந்து மறுபடி படிகிறது.

நிற்காத நீலம்

செம்புப் பிரச்சினை தனியானது. குண்டின் உறை பொதுவாக 95 விழுக்காடு செம்பும் 5 விழுக்காடு துத்தநாகமும் கொண்ட கலவை. அதன் துகள்கள் புரிகளில் ஒட்டிக்கொள்கின்றன. அமோனியா, ஆக்சிஜன் முன்னிலையில் செம்பைக் கரைத்து ஆழ்ந்த நீலநிறச் சேர்மமாக்குவதால், நீலத் துணி உள்ளே செம்பு இருப்பதற்கு அடையாளமாகிறது. ஆனால் துணியைத் தாங்கும் ஜாக் பித்தளையாக இருந்தால் அதிலும் செம்பு உண்டு. வெண்கல பிரஷ்ஷிலும் உண்டு. உரிமையாளர் துப்புரவு செய்துகொண்டிருந்தது பாதி நேரம் தம் ஜாக்கைத்தான்.

இதைக் காட்ட அதிக முயற்சி தேவைப்படவில்லை. கரைப்பானில் நனைத்த துணியைப் பித்தளை ஜாக்கில் செருகி, குழலுக்குள் நுழைக்காமலே மேசைமேல் வைத்தோம். ஜாக்கின் விளிம்பு தொட்ட இடமெல்லாம் சற்று நேரத்தில் நீலம் பூத்தது. அவர் அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. பின்பு நைலான் ஜாக்கும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு குழலைச் சோதித்தபோது நீலம் மிக மங்கலாகவே வந்தது. உண்மையான செம்பின் பெரும்பகுதி கரிப்படிவுக்கு அடியில் மூடிக் கிடந்ததால் கரைப்பான் அதைச் சென்றடையவே இல்லை. பொய்நீலத்தைத் துரத்தியபடி, அவர் மெய்யான செம்பைத் தொடாமலே விட்டிருக்கிறார். பொய்நீலம் நிற்காததால் கோலை மேலும் மேலும் இழுத்திருக்கிறார். குழல்வாய்த் தேய்வின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கருவிகள் செய்த கேடு

குழலின் மற்ற எந்தப் பகுதியிலும் ஏற்படும் சிறு குறையைக் குண்டு பொறுத்துக்கொள்ளக்கூடும். குழல்வாயை விட்டு அது பிரியும் கணத்தில், அடிப்புறத்தைச் சுற்றி வாயு சமமாக வெளியேற வேண்டும். ஒருபுறம் மழுங்கியிருந்தால் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பாய்ந்து குண்டைச் சாய்த்துவிடுகிறது. அதனால் குழல்வாயைத் தொடாமல் துடைப்பதே முறை. இந்த ரைபிளில் போல்ட்டை எளிதில் கழற்றிப் பின்புறமிருந்தே கோலைச் செலுத்தலாம் என்றிருக்க, போல்ட்டைக் கழற்றும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காக உரிமையாளர் முன்பக்கமிருந்து செலுத்தி வந்தார். கோல் தன் எடையால் தொய்ந்து, போகும்போதும் வரும்போதும் கீழ்விளிம்பில் உராய்ந்தது.

அலுமினியம் எஃகைவிட மென்மையானது, ஆகவே குழலைக் கீறாது என்று நினைப்பது எளிது. நடப்பதோ நேர்மாறு. மென்மையான உலோகத்தில் மணல்துகளும், கரித்துகளும், எஃகுத் துருவும் பதிந்து தங்கிவிடுகின்றன. துருவின் இரும்பு ஆக்சைடு நகைப் பட்டறையில் மெருகேற்றப் பயன்படும் பொருள்தான். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்தக் கோலின் நடுப்பகுதி உப்புத்தாளைப்போலக் கரகரப்பாக இருந்தது. துண்டுகள் சேரும் இணைப்புகளில் விரல்நகம் தடுக்கும் அளவுக்குப் படி தெரிந்தது. ஒரே துண்டாலான, மெருகிட்ட எஃகுக் கோலோ, பூச்சிட்ட கோலோ, கார்பன் இழைக் கோலோ எது வாங்கினாலும், ஒவ்வொரு முறை இழுத்த பின்பும் அதைத் துணியால் துடைப்பதுதான் அது என்ன பொருளால் ஆனது என்பதைவிட முக்கியம் என்பது என் கருத்து. கைப்பிடியில் பேரிங் இருந்து கோல் புரியோடு சுழல வேண்டும். தோட்டா அறையில் பொருத்தும் வழிகாட்டிக் குழாய் இருந்தால் கோல் நடுவே நிற்கும், கரைப்பானும் போல்ட்டும் விசையும் இயங்கும் பகுதிக்குள் ஒழுகாது.

கயிறு கட்டி இழுக்கும் முறை பாதுகாப்பானது என்பதும் முழு உண்மையன்று. லீ-என்ஃபீல்டு ரைபிள்களிலேயே, கயிற்றைச் சாய்வாக இழுத்ததால் குழல்வாயில் ஒருபுறம் பள்ளம் விழுந்த எடுத்துக்காட்டுகள் ஏராளம். கயிறு அழுக்கைச் சுமந்துகொண்டு மறுபடி மறுபடி அதே இடத்தில் அறுக்கிறது. வெளியூரில் அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். கயிற்றை அவ்வப்போது துவைத்துவைத்தால் இன்னும் நல்லது.

பிரஷ்ஷைப் பொறுத்தவரை, கரிக்கு வெண்கலம், அமோனியாவுக்கு நைலான், குழலுக்குள் எஃகு வேண்டவே வேண்டாம். குழலின் நடுவில் பிரஷ்ஷைத் திருப்பி இழுக்கக்கூடாது. மறுமுனையில் முழுதும் வெளிவந்த பின்பே இழுக்க வேண்டும். அழுக்குப் பிரஷ்ஷைக் கரைப்பான் புட்டியில் முக்கினால் புட்டி முழுவதும் அழுக்காகும்.

மற்றப் புட்டிகள்

பிரேக் கிளீனர் எண்ணெய்ப் பிசுக்கை நொடியில் அகற்றும் என்பதால் பலருக்கு அதன்மீது மோகம் உண்டு. அவற்றில் ஒருவகை குளோரின் சேர்ந்த கரைப்பானைக் கொண்டது. அதன் ஆவி நச்சு. இன்னொரு வகை எளிதில் தீப்பற்றும். இரண்டும் மரத்தின் பூச்சையும் சிலவகை பிளாஸ்டிக்கையும் கெடுக்கும், அசிட்டோனும் அப்படியே. எஃகை முற்றாக உலரவைத்துவிடுவதால், தெளித்தவுடன் எண்ணெய் பூசாவிட்டால் அடுத்த ஈரக்காற்றிலேயே துரு தொடங்கும். நிக்கல் முலாம் பூசிய துப்பாக்கியில் அமோனியாவைத் தவிர்ப்பது நலம். முலாமுக்கு அடியில் செம்பு அடுக்கு இருந்தால், சிறு கீறல் வழியே உள்ளே நுழைந்து முலாமையே உரித்துவிடும். வினிகர் போன்ற அமிலங்கள், துருவைத் தடுக்க எஃகுக்கு ஏற்றும் நீலமெருகைக் கரைத்துவிடும். அதோடு பெராக்சைடு சேர்த்து ஈயக்கறையை நீக்கும் முறையில், கரைந்து வருவது தோலில் படக்கூடாத ஈய உப்பு. அமோனியாவையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் ஒரே இடத்தில் வைத்துப் பழகக்கூடாது; கலந்தால் நச்சுவாயு வரும்.

அமோனியாப் புட்டியைத் தோட்டாக்கள் இருக்கும் அலமாரியிலும் வைக்கக்கூடாது. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமிக்கப்பட்ட பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், கூடு செய்யப்பட்டபோது பித்தளையில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்தே அந்த விரிசலுக்குக் காரணம் என்பது 1921-இல்தான் விளங்கியது.

மேற்கொண்ட துப்புரவும் முடிவும்

காற்றோட்டமான இடத்தில், நைட்ரைல் கையுறை அணிந்து, குழல்வாய் பின்கட்டையைவிடத் தாழ்ந்திருக்குமாறு ரைபிளைத் தாங்கியில் வைத்தோம். புனலின் வழியே தோட்டா அறையிலிருந்து கொதிநீர் ஊற்றி, போல்ட் முகப்பையும் வெந்நீரில் கழுவினோம். உலர்ந்த துணிகளை ஈரம் வராதவரை செலுத்தி, நீரை விலக்கும் மெல்லிய எண்ணெய் ஒன்றால் துடைத்த பின்புதான் கரைப்பான்களின் முறை வந்தது. முதலில் கரிக்கான கரைப்பானை ஊறவைத்து வெண்கல பிரஷ்ஷால் தேய்த்தோம். குழலை முற்றாக உலர்த்தி, பின்பு நைலான் பிரஷ்ஷால் அமோனியாக் கரைப்பானைப் பூசி, புட்டியின் மேலுள்ள கால வரம்புக்குள் துடைத்தெடுத்தோம். இப்போது துணி கருநீலமாக வந்தது. இது மெய்யான செம்பு. அடுக்கடுக்காகப் படிந்திருந்ததால் கரியும் செம்பும் மாறிமாறி வெளிவந்தன. ஒரு கரைப்பானின் மிச்சம் அடுத்ததோடு கலக்காமல் இடையில் ஒவ்வொரு முறையும் உலர்த்த வேண்டியிருந்தது. புரி தொடங்கும் இடத்திலிருந்த கரி கடைசிவரை முரண்டு பிடித்தது. அரைக்கும் பசையைக் கொண்டு அதை நொடியில் போக்கியிருக்கலாம், ஆனால் தேய்ந்த குழலில் அந்த வழிக்குப் போக மனமில்லை. ஓர் இரவு ஊறவிட்டதில் அது இளகிவிட்டது.

குழிகள் அப்படியேதான் இருந்தன; எந்தப் புட்டியும் போன எஃகைத் திருப்பித் தராது. குழல்வாயைக் கடைசல் எந்திரத்தில் புதிதாக வெட்டிச் சமன் செய்த பின்பு, குண்டுகள் பழைய நெருக்கத்துக்கு அருகில் திரும்பின. சிதறலுக்கு முதன்மைக் காரணம் துருவன்று, கோல்தான் என்பது இதனால் தெளிவாயிற்று. எண்ணெய் குடித்த மரத்தைச் சுண்ணப்பொடி அப்பி ஓரளவு மீட்டோம்.

உரிமையாளரின் பெட்டியிலிருந்து எஃகு பிரஷ், அலுமினியக் கோல், பிரேக் கிளீனர் ஆகியவை வெளியேறின. பித்தளை ஜாக் கரிக்கான கரைப்பானோடு மட்டும் பயன்படட்டும் என்று தனியே வைக்கப்பட்டது. பழைய படைத் தோட்டாக்களை இனி ஒரு நாளுக்கென ஒதுக்கிச் சுட்டு, அன்றே வெந்நீர் ஊற்றுவதென்று முடிவாயிற்று. புதியவற்றைச் சுடும் நாளில் வெந்நீர் தேவையில்லை. எந்த நாளானாலும், அடுத்த முறை சுடுமுன் குழலையும் தோட்டா அறையையும் உலர்துணியால் துடைத்தாக வேண்டும், ஏனென்றால் தோட்டா அறையில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கி, போல்ட்டின்மீது விழும் தள்ளுவிசை கூடும். பின்புறத்தில் பூட்டிக்கொள்ளும் இந்த வகைப் போல்ட்டுக்கு அது நல்லதன்று.

செம்பை எப்போது நீக்குவது என்பதற்கு, துணியின் நிறத்தை இனி அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொன்னோம். குழிவிழுந்த குழலில் செம்பு வேகமாகச் சேரும். கொஞ்சம் எப்போதும் இருக்கும். குண்டுகள் சிதறத் தொடங்கும்போது நீக்கினால் போதும். அதுவரை கரியை மட்டும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைக்கலாம்.